பெயிண்ட்பால் அணிக்கு ஆள் தேவை

"கணக்கு சார் எங்கே?"

ஆசிரியர் அறை வாசலில் ஒரு கும்பலே நின்று கத்தியது. உள்ளே கணக்கு சார் மேசைக்கு அடியில் குனிந்து, கீழே விழாத சாக்பீஸைத் தேடிக்கொண்டிருந்தார்.

தேடாமல் என்ன செய்வார்? அன்று காலைதான் பத்தாம் வகுப்பின் விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்திருந்தார். நாற்பது பேரில் முப்பத்தோரு பேர் ஃபெயில். முற்றுப்புள்ளி வைக்காததற்கெல்லாம் மார்க்கைக் குறைக்கிற மனிதருக்குப் பிள்ளைகள் 'மைனஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

"சார், நீங்க உள்ளதான் இருக்கீங்க. வெளிய வாங்க!"

இனி ஒளிந்து பயனில்லை என்று வெறுங்கையோடு எழுந்தார். கூட்டத்துக்கு முன்னால் நின்றவள், நூற்றுக்கு ஏழு வாங்கிய ரெட்டை ஜடைக்காரி.

"மார்க் விஷயம்னா நாளைக்குப் பேசிக்கலாம்மா" என்றார். குரல் பாதிதான் வந்தது.

"மார்க்கா? அது கிடக்கு விடுங்க சார். பெயிண்ட்பால் டீமுக்குப் பேர் குடுக்க வந்தோம்!"

காதில் விழுந்தது மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எல்லாருமா?"

"எல்லாரும்தான். பின்னாடி ஒன்பதாம் வகுப்பும் வந்துக்கிட்டிருக்கு."

பெயிண்ட்பால் அவருடைய புதுப் பைத்தியம். மச்சான் கூப்பிட்டான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், முகமூடி மாட்டிக்கொண்டு, சாய உருண்டை போட்ட துப்பாக்கியால் அதே மச்சானின் முதுகில் பச்சையாக ஒன்று வைத்தார். அன்றிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. கோணம் பார்த்துச் சுடுவதைவிட நல்ல ஜியோமெட்ரி பாடம் உண்டா என்று ஹெச்.எம். மேடத்தின் உயிரை ஒரு மாதமாக எடுத்துவந்தார்.

தொல்லை தாங்காமல் இன்றுதான் மேடம் இறங்கி வந்திருந்தார். "நாலு மணி பெல்லுக்குள்ள பன்னிரண்டு பேர் சேர்ந்தா டீம். இல்லேன்னா இந்தப் பேச்சையே இனி எடுக்கக் கூடாது."

பன்னிரண்டு பேருக்கு எங்கே போவது? போன வருடம் அவர் ஆரம்பித்த கணக்கு மன்றத்துக்கு வந்தது ஒரே ஒரு பையன். அவனும் அறை மாறி வந்தவன். பதினேழு வருடத்தில் ஒரு பிள்ளைகூடத் தன்னைத் தேடி வந்ததில்லை என்ற குறை அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. இந்த ஒரு தடவையாவது வந்துவிட மாட்டார்களா என்று ஏங்கினார்.

அதனால் யோசித்து யோசித்து நாலே வரியில் நோட்டீஸ் எழுதினார். 'பெயிண்ட்பால் அணிக்கு ஆள் தேவை. பொறுப்பு: கணக்கு ஆசிரியர். இலக்கு: மாவட்டக் கோப்பை. பெயர் கொடுக்க: ஆசிரியர் அறை.'

மதிய இடைவேளையில் அதை ஆபீஸ் டைப்பிஸ்டிடம் நீட்டினார். ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவோடு நின்ற அந்த அம்மா இன்னொரு கையால் வாங்கிக்கொண்டார். "அப்படியே அடிச்சு போர்டுல ஒட்டிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு சார் வகுப்புக்கு ஓடினார்.

இப்போது பார்த்தால், பெயர் எழுத நோட்டைத் திறந்ததுமே தள்ளுமுள்ளு. "தள்ளாதீங்கப்பா, எல்லாருக்கும் இடம் இருக்கு" என்று சொல்லச் சொல்ல அவர் வாய் காது வரைக்கும் போனது.

"சார், நீங்க தினமும் வருவீங்கல்ல? லீவு கீவு போட்டுட மாட்டீங்களே?" ரெட்டை ஜடை கவலையோடு கேட்டாள்.

"நான் இல்லாமலா? முதல் ஆளா நிப்பேன்!"

கூட்டம் விசிலடித்தது.

"வெள்ளைச் சட்டையிலயே வாங்க சார். அதுதான் உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கணக்கு சார் குனிந்து தன் சட்டையைப் பார்த்து வெட்கப்பட்டார்.

மூன்றே முக்காலுக்குள் நூற்று நாற்பத்தாறு பெயர் சேர்ந்துவிட்டது. அப்போது ஹெச்.எம். மேடமே வந்தார்.

"நோட்டீஸ் பார்த்தேன் சார். எத்தனையோ மீட்டிங்ல மணிக்கணக்கா பேசியிருக்கீங்க. ஆனா இவ்வளவு சுருக்கமா, இவ்வளவு நல்லா நீங்க எதையும் சொன்னதே இல்லை. டீச்சர்ஸும் சேரலாமா?"

"தாராளமா மேடம்!"

மேடம் பேனாவைத் திறந்து, நூற்று நாற்பத்தேழாவதாகத் தன் பெயரை எழுதி அடியில் கோடும் போட்டார். அவருக்குப் பின்னால் மற்ற ஆசிரியர்களும் வரிசையில் நின்றார்கள்.

கணக்கு சார் அந்த வரிசையையே பார்த்தார். "உங்களுக்கெல்லாம் என்னைக் கண்டாலே பிடிக்காதுன்னு நினைச்சுட்டிருந்தேன். பதினேழு வருஷமா..." என்று மூக்கை உறிஞ்சினார். மேடம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு டைப்பிஸ்ட் அம்மா ஓடி வந்தார். போர்டிலிருந்து பிய்த்த நோட்டீஸ் கையில் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க சார். சாப்பாட்டு அவசரத்துல ரெண்டு வரியை மாத்தி அடிச்சுட்டேன்."

"அதனால என்னம்மா? அதான் இவ்வளவு பேர் வந்துட்டாங்களே! எந்த ரெண்டு வரி?"

"பொறுப்புக்கு நேரா கோப்பை போயிடுச்சு சார்... இலக்குக்கு நேரா நீங்க வந்துட்டீங்க!"