முறுக்குச் சட்டி கழுவிய இடம்

"அம்மா, நாளைக்கு எங்க லேப்ல இருந்து ஜோசப் ராஜ் நம்ம வீட்டுக்கு வர்றாரு."

காரைக்குடியில் புரத ஆராய்ச்சி செய்யும் மகள் வின்சி இப்படிச் சொன்னதும் சூசைமேரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முறுக்கு வியாபாரத்துக்கு லீவு விட்டு வீட்டையே கழுவித் தள்ளினாள்.

வந்தவர் காபியைக் குடித்துவிட்டு, "கொல்லைப்பக்கம் பாக்கலாமா?" என்றார்.

முறுக்குச் சட்டி கழுவும் வாய்க்கால் பளிச்சென்று இருந்தது. ஜோசப் ராஜின் முகம் தொங்கிவிட்டது.

"இங்க இருந்த பிசுக்கு மண்ணு எங்கம்மா?"

"நீங்க வர்றீகன்னு சுரண்டிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சுட்டேன் தம்பி."

வின்சி தலையில் கைவைத்தாள். "அந்த மண்ணுக்காகத்தாம்மா வந்தாரு! எண்ணெய் ஊறுன மண்ணுல எண்ணெயைத் தின்னுற கிருமி இருக்கும். அதோட புரதத்தைக் கொஞ்சம் மாத்தி அமைச்சா, பச்சத்தண்ணியிலயே பிசுக்கு போற சோப்புத்தூள் செய்யலாம்."

"அப்ப பொண்ணு பாக்க வரலையா?" சூசைமேரி கேட்டே விட்டாள். பிறகு கொல்லை மூலையைக் கைகாட்டினாள். "சுரண்டுன மண்ணு வாழைக்கு அடியில கிடக்கு. அள்ளிக்கங்க."

ஜோசப் ராஜ் துள்ளிக் குதித்து ஓடினார். ஒரு சின்ன டப்பா நிறைய அள்ளி மூடினார்.

"ஏண்டி, இம்புட்டுத்தானா? தினமும் லேபுக்குப் போற நீயே அள்ளிட்டுப் போயிருக்கலாமே. இவரை எதுக்கு வரச் சொன்ன?"

வின்சி வாழை மரத்தைப் பார்த்தாள். ஜோசப் ராஜ் டப்பாவைப் பார்த்தார்.

சூசைமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்பாவுக்குப் போனைப் போடுடி. வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு உடனே வரச் சொல்லு!"