ரவுண்டானா சாமி

ஊர் முக்கில் புதிதாகக் கட்டிய ரவுண்டானாவுக்குத் தலைகால் புரியவில்லை. நடுவில் சிமெண்ட் மயில், சுற்றிலும் அரளிச்செடி. காலையிலிருந்து காரும் பைக்கும் தன்னை வலமாகச் சுற்றிப் போவதைப் பார்த்து, தான் சாமியாகிவிட்டதாகவே அது முடிவுகட்டிவிட்டது.

மத்தியானம், காற்றாலை இறக்கை ஒன்றைச் சுமந்துகொண்டு ஒரு நீள லாரி வந்தது. நெற்றியில் 'அய்யனார் துணை' என்று எழுதியிருந்தது.

"வா பக்தா, நீயும் சுத்திட்டுப் போ!" என்றது ரவுண்டானா.

"சுத்தறேன் சாமி. தலை திரும்பிடும், வால் திரும்புமான்னுதான் தெரியல."

தலை அழகாகத் திரும்பியது. பின்சக்கரங்களோ திண்டில் ஏறி அரளியை மிதித்தன. இறக்கையின் நுனி மயிலை அலாக்காகத் தூக்கி டீக்கடைக் கூரையில் உட்காரவைத்தது. லாரி அப்படியே சிக்கிக்கொண்டது.

"அடப்பாவி, கருவறைக்குள்ளேயே காலை வெச்சுட்டியே!" என்று அலறியது ரவுண்டானா.

ரவுண்டானாவுக்கு வரைபடம் போட்ட இன்ஜினியர் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். இறக்கைக்கு அடியில் புகுந்து ஒரே வளைப்பில் திரும்பிக் காட்டினார். "எவ்வளவு தாராளமா இடம் இருக்கு! உனக்குத் திரும்பத் தெரியல" என்று லாரியைத் திட்டிவிட்டுப் போய்விட்டார்.

லாரி தயங்கித் தயங்கிச் சொன்னது: "சாமி, கோவிச்சுக்காதீங்க. காற்றாலைக்கு இறக்கை மூணு. பின்னாடி என் தம்பிங்க ரெண்டு பேர் வந்துக்கிட்டிருக்காங்க."

ரவுண்டானா லாரியின் நெற்றியை ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்தது. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அய்யனார் துணை, அய்யனார் துணை" என்று முணுமுணுக்க ஆரம்பித்தது.