இறங்கிய கைகள்

ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டப் போட்டியில் தணிகாசலத்தைத் தோற்கடித்த இருதயராஜின் இயந்திர நகல், காசிமேட்டுப் பயிற்சிக்கூடத்தில் நின்றது. அதே உயரம், அதே இடக்கைக் குத்து; அவனுடைய போட்டிப் பதிவுகளை ஏற்றியிருந்ததால் அதே பழக்கங்கள். மூன்று மாதம் அதனிடம் அடிவாங்கிய பிறகுதான் ஓட்டை அகப்பட்டது. தணிகாசலத்தின் வாயிலிருந்து பல்லைக் காக்கும் மவுத்கார்டு கீழே விழுந்தால், அவன் எடுத்து மாட்டும்வரை நகல் கைகளை இறக்கிக்கொண்டு காத்திருந்தது.

"வேணும்னே துப்புடா. அவனும் இப்டித்தான் நிப்பான். அப்ப அடி," என்றார் மாஸ்டர்.

"தப்பில்லயா மாஸ்டர்?"

"மொதல்ல ஜெயி. அப்பறம் நியாயம் பேசு."

மறுபோட்டியின் நாலாவது ரவுண்டில் துப்பினான். இருதயராஜ் கைகளை இறக்கி, "எடுத்துக்க தணிகா," என்றான்.

ஒரே குத்து. பட்டம் கிடைத்தது. அன்றிலிருந்து தணிகாசலம் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்யவில்லை.

ஆறு மாதத்தில் இருதயராஜ் மறுபடி சவால் விட்டான். இடையில் அவன் வேறு ஆட்களோடு மோதிய போட்டிகளையும் மாஸ்டர் நகலில் ஏற்றினார்.

பயிற்சியில் இம்முறை மவுத்கார்டு தானாகவே நழுவியது. தணிகாசலம் குனிந்தான். நகல் காத்திருக்கவில்லை.

தாடையில் விழுந்த அடி அப்படியொன்றும் பலமில்லை. ஆனாலும் எழுந்து அதன் எதிரே நிற்க அவனுக்கு முகமில்லை.