மெத்தைக்குப் போன பாராட்டு

என்னை முதலில் அவமானப்படுத்தியது அந்தப் புது மெத்தைதான். நான் மலைப்பாதை ஜீப்பின் அடியில் கிடக்கும் ஸ்பிரிங் பட்டை. வண்டி தூக்கிப் போடுகிறது என்று ஆட்கள் சண்டை போட்டதால், டிரைவர் சவரிமுத்து என் துருவைச் சுரண்டிக் கிரீஸ் தடவினார். அன்றைக்கே சீட்டில் புது மெத்தையும் போட்டார்.

மறுநாள் பாறையிலும் பள்ளத்திலும் விழுந்த அடியை எல்லாம் நான்தான் வளைந்து வாங்கினேன். மேலே இருந்தவர்களோ மெத்தையைத் தட்டி, "அடேயப்பா, தொட்டில் மாதிரி இருக்கு!" என்றார்கள்.

"அடி வாங்கினது நான்டா. அதை அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லு" என்று மெத்தையிடம் கேட்டேன்.

"யோவ் பெருசு, சேத்துல கிடக்கிற உன்னை யாருக்குத் தெரியும்? பேசாம கிட" என்று மெத்தை சிரித்தது.

எனக்கு வந்ததே கோபம்! அடுத்த பள்ளத்தில் வளையாமல் விறைத்து நின்றேன். ஆட்களின் தலைகள் கூரையில் மோதின. மெத்தை இன்றோடு தொலைந்தது என்று நினைத்தேன்.

சவரிமுத்து இறங்கி வந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தார். "ஒண்ணு பத்தலை" என்று அதன் மேலேயே இன்னொன்றை வாங்கிப் போட்டார்.

இப்போது இரண்டும் சேர்ந்து சிரிக்கின்றன. நான் கேட்ட ஒரு வார்த்தையை இரண்டில் எதுவும் இன்னும் சொல்லவில்லை. நானும் வளையவில்லை.