சாதா லென்ஸ்

தன் வீட்டுத் தென்னந்தோப்பில், பரணிதரனின் முழங்கை நீளக் கேமரா லென்ஸாலேயே அவன் தோளில் ஓங்கி அடித்தார் சதாசிவம். கண்ணாடி நொறுங்கியதும் எலும்பு முறிந்ததும் ஒரே சத்தமாகக் கேட்டது.

"அசல் படம் எங்கடா கீது?"

"நான் எடுக்கல சார்..."

அடியாள் மணி அவன் தலைமுடியைப் பிடித்து, முகத்தைத் தென்னை மரத்தில் மோதினான். பரணிதரன் ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான்.

அவனுக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. லீவு நாளில் பறவைகளைப் படம் பிடிப்பான். போன ஞாயிறு நெம்மேலி பக்கம் அவன் கேமராவோடு திரிந்ததை மணி பார்த்திருந்தான்.

அன்றைக்குத்தான் அங்கே, நிலத்தைத் தர மாட்டேன் என்ற ஏசுதாஸை அவருடைய சவுக்குத் தோப்பிலேயே கடப்பாரையால் அடித்துச் சாய்த்தார் சதாசிவம். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஏசுதாஸின் உயிர் போய்விட்டது. இன்று காலை, சதாசிவம் அடிக்கும் படம் ஊரில் எல்லோர் செல்போனிலும் இருந்தது.

"போலி படம்னு வக்கீலு சொல்லிக்குவாரு. அசலும் இருக்கக் கூடாது, எடுத்தவனும் இருக்கக் கூடாது. அவ்ளோதான்" என்றார் சதாசிவம்.

செல்போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். மாமல்லபுரம் கல்யாணத்துக்குக் கிளம்பிய பட்டு வேட்டியோடு, கடப்பாரையை ஓங்கியபடி நின்றார் படத்தில்.

பரணிதரன் வீங்கிய கண்ணைத் திறந்து பார்த்தான். "சார், இது ரோட்டுலேர்ந்து எடுத்தது. தோப்பு, வேலி, உங்க ஆளுங்க எல்லாமே படத்துல விழுந்திருக்கு. அங்கேர்ந்து என் லென்ஸ்ல எடுத்தா உங்க மூஞ்சி மட்டும்தான் வரும். இது கேமராவோட சேர்த்தே குடுக்கற சாதா ஜூம் லென்ஸ்."

"அது எவன்கிட்ட கீது?"

"வீட்டுக்கு வீடு இருக்கும் சார். என்னை மாதிரி பைத்தியம் ஊருக்கு ஒண்ணு ரெண்டுதான். மத்தவங்க குடும்பத்தையும் கோயிலையும் எடுக்கத்தான் கேமரா வாங்கறாங்க. கம்பெனிக்காரன் அவங்களை நம்பித்தான் அந்த லென்ஸை லட்சக்கணக்குல செய்யறான்."

"ரோட்ல என் வண்டியத் தவிர ஒரு வண்டி இல்ல. கதையா வுடற?" சதாசிவம் அவன் விலாவில் எட்டி உதைத்தார்.

அலறல் கேட்டு, வீட்டின் பின்கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி சரோஜா தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தாள். "ஐயோ, போதுங்க. செத்துடப் போறாருங்க."

"உள்ள போடி!" ஓங்கி அறைந்தார். அவள் உதடு கிழிந்தது.

"மணி, கால புடிச்சிக்க." தேங்காய் வெட்டும் அரிவாளை எடுத்தார் சதாசிவம். பரணிதரன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

அரிவாள் மேலே போனபோது சரோஜா சொம்பை வீசிவிட்டு அவன்மேல் குறுக்கே விழுந்தாள்.

"இன்னாடி பண்ற? நவுரு!"

அவள் நகரவில்லை. நிமிர்ந்து புருஷனின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"வுடுய்யா அவர. கல்யாணத்துக்குக் கொண்டாந்த நம்ம கேமராவுல, வண்டில குந்திக்கினு நான்தான் எடுத்தேன்."