வெளுத்த முனை

காலை வெயில் சன்னல் கம்பிகளுக்கிடையே இளமஞ்சளாக வழிகிறது. தொட்டியில் ஊன்றிய முருங்கைக் கொப்பில் பச்சோந்தி அசையாமல் நிற்கிறது. மக்காச்சோளம் அறுத்த காட்டில் துவண்டு கிடந்ததைக் கலையரசிதான் முந்தானையில் ஏந்தி வந்தாள். தேறியதும் விட்டுவிடுவதாகப் பேச்சு. இப்போது அவள் கை இலைகளில் தண்ணீர் தெளிக்கிறது. சொட்டு திரள்கிறது, நாக்கு மெல்ல வந்து அதைத் தொடுகிறது. ஒரு கண் அவளைப் பார்க்க, மறுகண் எங்கோ கனவில் சுழல்கிறது. கீழே விரித்த செய்தித்தாளில் புது எச்சம் கிடக்கிறது. உடம்பில் தண்ணீர் பற்றாத நாட்களில் அதன் முனை மஞ்சளாகக் காய்ந்திருந்தது. இன்று கறுப்பாகத் திரண்டு, முனை மட்டும் சுண்ணாம்பாக வெளுத்து, ஈரத்தில் மினுங்குகிறது. வாசலில் பைக் உறுமுகிறது. “கலை, எச்சம் வெளுத்துடுச்சா? வெளுத்திருந்தா கொண்டா, போற வழியில வேலியில வுட்டுட்டுப் போயிடறேன்” என்கிறான் கணவன் அறிவழகன். பச்சோந்தி கொப்பிலிருந்து ஒவ்வொரு காலாக இறங்கி அவள் விரலைப் பற்றிக்கொள்கிறது. மறுகையால் அவள் செய்தித்தாளை மெல்ல மடிக்கிறாள்.

“இல்லீங்க. இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு.”