சுரைக்காயும் வஞ்சிரமும் ஒரே பொட்டலத்தில்

பட்டர் பேப்பரில் வஞ்சிர மீனுக்குப் பக்கத்தில் படுக்கவைத்ததுமே சுரைக்காய்த் துண்டுக்குக் குலை நடுங்கியது. வாடை ஒட்டிக்கொண்டால் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது?

"கொஞ்சம் தள்ளிப் படு. எனக்குத் தனிப் பொட்டலம்தான் வழக்கம்," என்றது.

மீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கே தள்ளுவது தாயே? நாலு பக்கமும் மடித்துவிட்டார்களே."

ஓவனுக்குள் வைத்ததும் ஆவி கிளம்பியது. பேப்பர் பூரிபோல உப்பியது. மீனின் சாறு, மிளகு, எலுமிச்சை எல்லாம் சுரைக்காய்க்குள் ஊறி இறங்கின. "என் மேலே மூச்சு விடாதே," என்று முணுமுணுத்துக்கொண்டே அது வெந்தது.

பொட்டலத்தைப் பிரித்தவள் முதலில் சுரைக்காயைத்தான் கிள்ளி வாயில் போட்டாள். "அடேங்கப்பா, சுரைக்காய்க்கு இப்படி ஒரு ருசியா?"

மீன் ஆவலோடு பக்கத்தில் பார்த்தது.

உடம்பெல்லாம் மீன் சாறு சொட்டச் சொட்ட, சுரைக்காய் சொன்னது: "அதெல்லாம் எங்கள் பரம்பரை ருசி."